வாசகர் கேள்வி பதில்: போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் நிலவிய வாழ்க்கையையும் அரசியலையும் பற்றிக் கேள்விகள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது. ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: போர் முடிந்ததும் அமெரிக்க அரசு தன் படைவீரர்களைச் செலவு கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியது என்று படித்தேன். இது நன்றிக்கடனா, அல்லது வேறு கணக்கு ஏதேனும் இருந்ததா?

நன்றிக்கடன் என்று மேடைகளில் பேசப்பட்டது. சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது பெரும்பாலும் அச்சம். முதல் உலகப் போரில் பங்கேற்றவர்கள், தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையை உடனே தரும்படி கேட்டு 1932-இல் வாஷிங்டன் நகரில் குடிசை போட்டுத் தங்கியதையும், அவர்களை ராணுவத்தை ஏவியே விரட்டியதையும் அப்போது யாரும் மறந்திருக்கவில்லை. இம்முறை சீருடை அணிந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை பேரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வேலை தேடத் தொடங்கினால் 1930-களின் பொருளாதார மந்தம் திரும்பிவிடும் என்று கவலைப்பட்டவர்கள், அவர்களில் ஒரு பகுதியினரையாவது சில ஆண்டுகள் வகுப்பறையில் அமர்த்திவைப்பது நல்லது என்று கருதினார்கள்.

1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தை மக்கள் ஜி.ஐ. சட்டம் என்று அழைத்தார்கள் (ஜி.ஐ. என்பது அமெரிக்கப் படைவீரரைக் குறிக்கும் பேச்சு வழக்கு). கல்விக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்குமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்லூரிக்கே நேராகச் செலுத்தப்பட்டது. வாழ்க்கைச் செலவுக்குத் தனி ஆளுக்கு மாதம் 50 டாலரும், குடும்பம் உள்ளவருக்கு 75 டாலரும் தொடக்கத்தில் வழங்கப்பட்டு, பின்னர் உயர்த்தப்பட்டன. அன்றைய ஹார்வர்டின் ஆண்டுக் கட்டணமே 500 டாலருக்குள் அடங்கியது என்பதைக் கவனித்தால் இந்தத் தொகையின் மதிப்பு விளங்கும். சுரங்கத் தொழிலாளியின் மகனும் எந்தக் கல்லூரியின் கதவையும் தட்டலாம் என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது.

கல்வியாளர்கள் எல்லோரும் இதை வரவேற்றுவிடவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் படிப்பில் நாட்டமற்ற நாடோடிகளின் முகாம்களாகிவிடும் என்று எழுதினார். ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டுக்கும் தகுதியற்றவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற ஐயம் இருந்தது. நடந்தது நேர்மாறு. திரும்பி வந்தவர்கள் வெறி பிடித்தவர்களைப் போலப் படித்தார்கள். பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள், வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை இவர்கள் உயர்த்தித் தங்களைக் கெடுக்கிறார்கள் என்று பொருமினார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். திட்டம் 1956-இல் முடிந்தபோது சுமார் 78 லட்சம் பேர் ஏதேனும் ஒரு கல்வியையோ தொழிற்பயிற்சியையோ பெற்றிருந்தார்கள். அவர்களில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனவர்கள்.

எண்ணிக்கையைவிட வயதுதான் கல்லூரியை அதிகம் மாற்றியது என்பது என் கணிப்பு. நார்மண்டிக் கரையில் இறங்கிய ஒருவரிடம், முதலாமாண்டு மாணவர்களுக்கு உரிய குட்டைத் தொப்பியை அணிந்துகொண்டு மூத்த மாணவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட முடியாது. ராணுவத்தின் தகரக் கொட்டகைகளையும் இழுவை வண்டி வீடுகளையும் கொண்டுவந்து நிறுத்தி, மனைவி மக்களோடு அவர்கள் வளாகத்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். மாணவர் என்றால் யாருடைய பொறுப்பிலோ இருக்கும் சிறுவர் என்ற பழைய நினைப்புக்கு விழுந்த முதல் அடி அதுதான். ஆனால் அவர்கள் பட்டம் பெற்றுப் போனதும் கல்லூரிகள் அந்த நினைப்புக்கே திரும்பின. இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் அதன் விளைவுகளைப் பற்றியவை.

கேள்வி: கறுப்பின வீரர்களுக்கும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் அதே அளவு பயன்பட்டதா?

சட்டத்தின் வாசகத்தில் நிறவேறுபாடு கிடையாது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலர்களிடமும் கல்லூரிகளிடமும் விடப்பட்டிருந்ததால் வேறுபாடு அங்கே நுழைந்துகொண்டது. கீழவையில் இந்த மசோதாவைக் கையாண்ட குழுவின் தலைவரே மிசிசிப்பியைச் சேர்ந்த ஜான் ராங்கின். நிறப்பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. கறுப்பினத்தவருக்கென்று இருந்த கல்லூரிகளோ சிறியவை, பணவசதி குறைந்தவை. விண்ணப்பித்தவர்களில் பலரை இடமின்றித் திருப்பி அனுப்பின.

இந்த இடத்தில் இரண்டு வழக்குகளைச் சொல்லியாக வேண்டும். ஹூஸ்டனில் தபால்காரராக இருந்த ஹெமன் ஸ்வெட், 1946-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக மாநில அரசு கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சட்டக் கல்லூரியையே அவசரமாக உருவாக்கியது. ஓக்லஹோமாவில், வயதில் மூத்த ஆசிரியர் ஜார்ஜ் மெக்லாரின் நீதிமன்ற ஆணையின் பலத்தில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தார். ஆனால் வகுப்பறைக்கு வெளியே இருந்த ஒரு சிற்றறையில் அமர்ந்து கதவு வழியாகப் பாடம் கேட்கவும், நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட மேசையிலேயே உட்காரவும் பணிக்கப்பட்டார். 1950 ஜூன் 5 அன்று இருவருக்கும் சாதகமாக உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்புக்கு இவையே படிக்கட்டுகள்.

பெண்களின் நிலை வேறு விதம். படையில் பணியாற்றிய பெண்களுக்கும் சலுகை உண்டு. ஆனால் அவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர்தான். ஆண்கள் கூட்டமாக வந்து சேர்ந்ததும் பல கல்லூரிகள் பெண்களுக்கான இடங்களைச் சுருக்கின. 1940-இல் மாணவர்களில் பத்துக்கு நான்கு பேராக இருந்த பெண்கள், 1950 வாக்கில் பத்துக்கு மூன்று பேராகக் குறைந்தார்கள்.

கேள்வி: மாணவிகள் இரவில் குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி அமெரிக்காவிலுமா இருந்தது? நம்ப முடியவில்லை.

இருந்தது, மிகக் கடுமையாகவே இருந்தது. 1950-களில் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவி மாலையில் வெளியே போகுமுன் எங்கே போகிறார், யாருடன் போகிறார், எப்போது திரும்புவார் என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேரம் கடந்தால் தாமதமான நிமிடங்களைக் கூட்டி வைத்து, வார இறுதியில் வெளியே போகத் தடை விதிப்பார்கள். விருந்தினராக ஆண் வந்தால் அறைக்கதவு திறந்திருக்க வேண்டும்; இருவர் பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்த விடுதிகளும் உண்டு. மாணவர்களுக்குப் பெரும்பாலும் நேரக் கட்டுப்பாடே கிடையாது. பெண்களைப் பூட்டிவைத்தால் ஆண்களும் தாமாகவே அறைக்குத் திரும்பிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் எளிய தர்க்கம். பெற்றோரின் இடத்தில் கல்லூரி நிற்கிறது என்ற பழைய சட்டக் கோட்பாடு இதற்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

1952-இல் மிச்சிகனில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒரு கூத்தில், மாணவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு பெண்கள் விடுதிகளுக்குள் புகுந்து உள்ளாடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்திரிகைகள் இதை இளமைக் குறும்பாக எழுதிச் சிரித்தன. அதே காலத்தில் ஒரு மனுவில் கையெழுத்திட்ட மாணவர் சந்தேகத்துக்கு உள்ளானார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஒழுங்கீனத்தை அன்றைய சமூகம் பொறுத்துக்கொண்டது என்பது தெரிகிறது.

இந்தக் கோட்பாட்டைச் சட்டத்தில் உடைத்தது விடுதி வழக்கு எதுவும் அல்ல என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் செய்தி. 1960-இல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்திலிருந்த உணவகத்தில் தங்களுக்கும் பரிமாற வேண்டும் என்று கேட்டு அமர்ந்தார்கள். விளக்கம் கேட்காமலேயே கல்லூரி சிலரை வெளியேற்றியது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியேற்றுமுன் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பிற்பாடு மாணவர்கள் தொடுத்த வழக்குகள் பலவும் அந்த உரிமையின் மீதுதான் நின்றன.

கேள்வி: செனட்டர் மெக்கார்த்தி காலத்தில் பேராசிரியர்கள் வேலை இழந்தார்களாமே?

இழந்தார்கள், ஆனால் அந்தப் பழி முழுவதையும் மெக்கார்த்தியின் தலையில் ஏற்றுவது கல்லூரி நிர்வாகங்களைத் தப்பவிடுவதாகும். அரசுப் பணியில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கிறார்கள் என்ற புகழ்பெற்ற குற்றச்சாட்டை அவர் சொன்னது 1950 பிப்ரவரியில். அதற்கு ஓராண்டு முன்பே, 1949 ஜனவரியில், சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்றின் விசாரணையைத் தொடர்ந்து, பணிநிரந்தரம் பெற்ற மூன்று பேராசிரியர்களை நீக்கியிருந்தது. வகுப்பில் என்ன கற்பித்தார்கள் என்பது அங்கே பெரிய கேள்வியாகவே எழவில்லை. கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினராக இருப்பவரால் சுதந்திரமாகச் சிந்திக்க முடியாது என்பது நிர்வாகத்தின் வாதம்.

கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே 1949-இல் ஆட்சிக் குழு எல்லா ஆசிரியர்களும் கம்யூனிஸ்டு எதிர்ப்பு உறுதிமொழி ஒன்றில் கையெழுத்திட வேண்டும் என்று விதித்தது. மறுத்த 31 பேர் 1950-இல் நீக்கப்பட்டார்கள். அவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை; கையெழுத்திட மறுத்ததே குற்றம். மறுத்தவர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டோரோவிச், இளமையில் ஜெர்மனியில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர். ஆசிரியரின் மனச்சான்றைக் கையெழுத்தாக மாற்றக் கேட்பது அவருடைய பணியையே இழிவுபடுத்துவது என்று அவர் கருதினார். 1952-இல் மாநில உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் பால் ஸ்வீஸி ஆற்றிய விரிவுரையில் என்ன சொன்னார் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் துருவிக் கேட்டதும், பதில் சொல்ல மறுத்த அவர்மீது சுமத்தப்பட்ட தண்டனையை 1957-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியதும் இதன் தொடர்ச்சி.

மாணவர்கள் பெரும்பாலும் ஒதுங்கி இருந்தார்கள். ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தியானா மாநிலப் பாடநூல் குழுவின் உறுப்பினர் ஒருவர், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் ராபின் ஹூட் கதை கம்யூனிசத்தைப் பரப்புகிறது என்று 1953-இல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு இந்தியானா பல்கலைக்கழக மாணவர் ஐவர் மூட்டை மூட்டையாகக் கோழி இறகுகளைக் கொண்டுவந்து, பச்சைச் சாயம் ஏற்றி, ராபின் ஹூட்டின் தொப்பி இறகு போல வளாகமெங்கும் விட்டுச் சென்றார்கள். அந்த இறகைச் சட்டையில் குத்திக்கொள்வதே மெக்கார்த்தியை எதிர்ப்பதன் அடையாளமாகி, வேறு சில கல்லூரிகளுக்கும் பரவியது. பேசினால் வம்பு என்ற காலத்தில் கேலி மட்டுமே கைவசம் இருந்தது.

கேள்வி: ‘மௌனத் தலைமுறை’ என்று பெயர் வாங்கிய மாணவர்கள் 1960-இல் திடீரென்று எப்படிப் பேசத் தொடங்கினார்கள்?

அந்தப் பெயரை 1951-இல் டைம் வார இதழ் பரப்பியது. அமெரிக்க வளாகம் முழுவதற்கும் அது பொருந்தாது. கறுப்பினக் கல்லூரிகளைக் கணக்கில் எடுக்காமல் சூட்டிய பெயர் அது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலைனா மாநிலம் கிரீன்ஸ்பரோவில், வேளாண் தொழில்நுட்பக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் நால்வர், வுல்வொர்த் கடையில் சில பொருள்களை வாங்கிய பின், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சிற்றுண்டிப் பலகையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். பொருளுக்குப் பணம் வாங்கிய அதே கடை காப்பி தர மறுத்தது. சில வாரங்களில் இந்த உள்ளிருப்புப் போராட்டம் தெற்கு மாநிலங்களின் பல நகரங்களுக்குப் பரவியது. ஜூலை 25 அன்று கிரீன்ஸ்பரோக் கடை பணிந்தது. இடையில் ஏப்ரலில், குடியுரிமைப் போராளியான எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணியின் முயற்சியால் ஷா பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர்கள் தங்களுக்கென்று தனி ஒருங்கிணைப்புக் குழு அமைத்துக்கொண்டார்கள். பெரியவர்களின் அமைப்புகளுக்கு இளைஞர் பிரிவாகச் சேர்ந்துவிட வேண்டாம் என்று அவர் அறிவுரை கூறியதை அவர்கள் ஏற்றார்கள்.

அதே ஆண்டு மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ நகரமன்றத்தில் நாடாளுமன்றக் கீழவைக் குழு நடத்திய கம்யூனிஸ்டு எதிர்ப்பு விசாரணையை எதிர்த்துக் கூடிய மாணவர்களைத் தீயணைப்புக் குழாயால் நீர் பீய்ச்சிப் பளிங்குப் படிகளில் இழுத்துச் சென்றார்கள். மாணவர்களைக் கம்யூனிஸ்டுகள் ஆட்டிவைக்கிறார்கள் என்று காட்டுவதற்காக அந்தக் காட்சிகளைத் தொகுத்து ஒரு படம் வெளியிடப்பட்டது. அதைப் பார்த்துவிட்டே பெர்க்லியில் சேர விரும்பியதாகச் சிலர் பின்னாளில் சொன்னது தயாரித்தவர்கள் எதிர்பாராத விளைவு.

இடதுசாரிகள் மட்டுமே விழித்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். 1960 செப்டம்பரில், பழமைவாத இதழாசிரியர் வில்லியம் பக்லியின் கனெக்டிகட் இல்லத்தில் கூடிய பழமைவாத இளைஞர்கள் தங்கள் அமைப்பைத் தொடங்கி அறிக்கை வெளியிட்டார்கள். இடதுசாரி மாணவர்களின் புகழ்பெற்ற போர்ட் ஹியூரன் அறிக்கை அதற்குப் பின்னர், 1962 ஜூனில்தான் வந்தது. அறுபதுகளின் கதையைச் சொல்கிறவர்கள் முதல் கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். பிந்தைய அமெரிக்க அரசியலில் அதன் செல்வாக்கு குறைவானதல்ல.

கேள்வி: 1964-இல் பெர்க்லியில் அவ்வளவு பெரிய கிளர்ச்சி வெடித்தது வெறும் மேசை போடும் உரிமைக்காகவா?

ஆம், மேசைக்காகத்தான், ஆனால் அந்த மேசைகள் ஏன் அங்கே போடப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகத்துக்குள் கட்சி அரசியல் கூடாது என்று நெடுநாளாக விதி இருந்தது. 1956-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அட்லாய் ஸ்டீவன்சனே பெர்க்லி வளாகத்துக்கு வெளியே தெருவில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. வளாகம் விரிவடைந்து பழைய தெருவை விழுங்கிவிட, பேங்க்ராஃப்ட் சாலையும் டெலிகிராஃப் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு நடைபாதைத் துண்டு மட்டும் மாணவர்களுக்கு எஞ்சியது. அது நகராட்சியின் நிலம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அங்கே மேசை போட்டுத் துண்டறிக்கை கொடுப்பதும் நிதி திரட்டுவதும் வழக்கமாயின.

1964 வசந்த காலத்தில், கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்காத சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றின் முன் பெர்க்லி மாணவர்கள் பெருந்திரளாகக் கைதாகியிருந்தார்கள்; கோடையில் சிலர் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில் உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தத்துவ மாணவர் மாரியோ சாவியோ. செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது, அந்த நடைபாதைத் துண்டும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம், இனி அங்கே மேசை கூடாது என்று நிர்வாகம் அறிவித்தது. மிசிசிப்பியில் ஒருவரின் வாக்குரிமைக்காக அடி வாங்கிவிட்டு வந்தவரிடம், இங்கே ஒரு துண்டுக் காகிதம் கொடுக்க உனக்கு உரிமை இல்லை என்று சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? தடையை எதிர்த்து முதலில் சேர்ந்து நின்றவர்களில், அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பழமைவாதி கோல்ட்வாட்டரின் ஆதரவாளர்களும் இருந்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

அக்டோபர் 1 அன்று மேசையை விட்டு எழ மறுத்த ஜாக் வைன்பர்க் என்பவரைக் கைதுசெய்து போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். சுற்றியிருந்த மாணவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி 32 மணி நேரம் நகரவில்லை. அதன் கூரையே மேடையாயிற்று. பேசுவதற்கு ஏறியவர்கள் வண்டிக்குச் சேதம் வராதபடி காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். பின்னாளில் வந்த கலவரங்களையும் இந்த முதல் கிளர்ச்சியையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் இந்தக் காலணிகளை நினைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 2 அன்று ஸ்ப்ரௌல் மண்டபத்துக்குள் புகுந்து அமர்ந்த மாணவர்களில் சுமார் 800 பேர் கைதானார்கள். டிசம்பர் 8 அன்று ஆசிரியர் பேரவை, பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது என்ற தீர்மானத்தை 824-க்கு 115 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது.

இதில் அடிபட்டவர் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். அவரைக் கொடுங்கோலராகச் சித்திரிப்பது நியாயமாகாது. மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரி, மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி என்று வகுத்த 1960-ஆம் ஆண்டுத் திட்டத்தின் சிற்பி அவர். கம்யூனிஸ்டுப் பேச்சாளர்கள் மீதிருந்த தடையை 1963-இல் நீக்கச் செய்தவரும் அவரே. ஆனால் பல்கலைக்கழகத்தை அறிவுத் தொழில்துறையின் மையமாக விவரித்த அவருடைய சொற்களை மாணவர்கள் அவருக்கு எதிராகவே திருப்பினார்கள். பதிவு எண் அச்சடித்த கணினி அட்டைகளில் ‘மடிக்காதீர், கிழிக்காதீர்’ என்று எழுதியிருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எங்களையும் அந்த அட்டையளவுக்காவது மதியுங்கள் என்று நடந்தார்கள். வலதுசாரிகளின் கண்ணிலோ கெர் மாணவர்களிடம் மிகவும் இளக்கம் காட்டியவர். பெர்க்லிக் குழப்பத்தைத் தேர்தல் முழக்கமாக்கி 1966-இல் ஆளுநர் தேர்தலில் வென்ற ரொனால்ட் ரேகன் பதவியேற்ற அதே ஜனவரியில், 1967-இல், ஆட்சிக் குழு கெர்ரை நீக்கியது.

கேள்வி: அமெரிக்க மாணவர் சங்கத்துக்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது உண்மையா?

உண்மை. 1947-இல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் சங்கத்தின் அயல்நாட்டுப் பணிகளுக்கு, 1950-களின் தொடக்கத்திலிருந்து அறக்கட்டளைகளின் பெயரில் உளவு நிறுவனத்தின் பணம் வந்தது. பிராகாவைத் தலைமையிடமாகக் கொண்ட சோவியத் ஆதரவு மாணவர் அமைப்புக்குப் போட்டியாக இதை வளர்ப்பதே நோக்கம். நிர்வாகிகளில் சிலருக்கு மட்டும் ரகசியம் காப்பதாக உறுதிமொழி வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னார்கள். 1967-இல் ராம்பார்ட்ஸ் இதழ் அம்பலப்படுத்தியது. அந்தச் சங்கம் நிறப்பிரிவினையையும் மெக்கார்த்தியையும் எதிர்த்த சங்கம் என்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டு மாணவரிடம் அந்த எதிர்ப்புக் குரல்தான் நன்றாக விலை போகும் என்று நிறுவனம் கணக்கிட்டிருந்தது.

கேள்வி: வியட்நாம் போரை மாணவர்கள் எதிர்த்தது தங்கள் உயிரைக் காத்துக்கொள்ளத்தானே?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. கொரியப் போர்க் காலத்திலிருந்தே, கல்லூரியில் படிப்பவருக்குக் கட்டாயப் படைச் சேவையிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்துவந்தது. உயிர் மட்டுமே கவலை என்றால் அந்த விலக்கோடு அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம். மாணவர்களுக்குப் பதிலாகப் போனவர்கள் ஏழைகளும் தொழிலாளர் பிள்ளைகளும் கறுப்பினத்தவரும். 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சுமார் 3,000 பேர் இரவு முழுவதும் விழித்திருந்து போரைப் பற்றி விவாதித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கு உடனடி ஆபத்து ஏதும் இல்லை. மதிப்பெண் குறைந்தவர் விலக்கை இழக்கலாம் என்ற விதி வந்ததும்தான் வகுப்பறையே போரின் ஓர் அங்கமாயிற்று. 1966-இல் சிகாகோ மாணவர்கள், தங்கள் தரவரிசையைப் படைச் சேர்ப்பு வாரியத்துக்கு அனுப்பாதே என்று கேட்டு நிர்வாகக் கட்டடத்தில் அமர்ந்தார்கள். ஒரு பேராசிரியர் போடும் ‘சி’ ஒருவரைப் போர்க்களத்துக்கு அனுப்பும் என்றால் அவர் என்ன மனத்தோடு விடைத்தாளைத் திருத்துவார்?

தன்னலம் கலந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1969 டிசம்பர் 1 அன்று பிறந்த நாளைக் குலுக்கிப் போட்டு, யாரை முதலில் படைக்கு அழைப்பது என்ற வரிசையை நிர்ணயித்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. வரிசையில் பின்னால் வந்தவர்களின் போராட்ட வேகம் குறைந்ததையும், படைகள் வியட்நாமிலிருந்து திரும்பி வர வர வளாகங்கள் அடங்கியதையும் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன் 1970 மே மாதம் வந்தது. கம்போடியாவுக்குள் படை புகுந்ததை எதிர்த்து ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தின் மீது, மே 4 அன்று தேசியக் காவல் படையினர் 13 விநாடிகளில் 67 தோட்டாக்களைச் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் கல்லூரியின் ராணுவப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான கல்லூரிகள் வேலைநிறுத்தத்தில் மூடின. அதன்பின் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 விழுக்காட்டினர் பழியை மாணவர்கள் மீதே போட்டார்கள். காவல் படையைக் குறை சொன்னவர்கள் 11 விழுக்காடு.

பத்து நாள்கள் கழித்து, மிசிசிப்பியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் பெண்கள் விடுதியை நோக்கிப் போலீசார் சுட்டதில் கறுப்பின இளைஞர் இருவர் இறந்தார்கள். ஒருவர் இன்னும் பள்ளி மாணவர். அதற்கும் முன்பே, 1968 பிப்ரவரியில், தென் கரோலைனாவின் ஆரஞ்சுபர்க்கில், நிறப்பிரிவினை பார்த்த ஒரு பந்து விளையாட்டு அரங்கை எதிர்த்தவர்கள் மீது சுட்டதில் மூவர் மாண்டார்கள். கென்டின் புகைப்படம் உலகெங்கும் தெரியும். மற்ற இரண்டு ஊர்களின் பெயர் அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது.

கேள்வி: இத்தனைக்கும் பிறகு மாணவர்களுக்குக் கையில் கிடைத்தது என்ன?

விடுதி நேர விதிகள் 1970-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கி ஐந்து மாதங்களுக்கு அருகில் நீடித்த வேலைநிறுத்தத்தின் பயனாகச் சிறுபான்மை இனங்களின் வரலாற்றைக் கற்பிக்கும் தனிப் பிரிவு உருவாயிற்று. பிற கல்லூரிகள் பின்தொடர்ந்தன. பதினெட்டு வயதில் போருக்கு அனுப்பலாம், வாக்களிக்க மட்டும் இருபத்தொன்று ஆக வேண்டுமா என்ற பழைய வாதம் வியட்நாமினால் வலுப்பெற்று, 1971-இல் வந்த 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்தது.

சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. டெக்சாஸின் வாலர் கவுண்டியில், கறுப்பினத்தவருக்கான பிரெய்ரி வியூ கல்லூரியின் மாணவர்கள் வாக்காளராகப் பதிய வந்தால், பட்டம் பெற்ற பின் இதே ஊரில் தங்குவீர்களா, இங்கே சொத்து உண்டா என்று கேட்கும் வினாப் படிவம் ஒன்றைப் பதிவு அலுவலர் நீட்டினார். மற்றவர்களிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை. மாணவர்கள் தாங்கள் படிக்கும் ஊரில் வாக்களிக்கலாம், அவர்களுக்கென்று தனி வினாக்கள் கூடாது என்று கீழ்நீதிமன்றம் கூறியதை உச்ச நீதிமன்றம் 1979-இல் உறுதிசெய்தது. திருத்தம் நடைமுறைக்கு வந்து அதற்குள் ஏழாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அது வந்த ஆண்டில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.